படுத்த கட்டைவிரல்

ஹெல்வி நைலண்டுக்கு ஆட்களைச் சம்மதிக்க வைக்கத் தெரியும். ஓடையில் மறுபடி மீன் வரவைக்கக் கரைப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஓடைக் குழுவில் மீனைப் பற்றிப் படித்தவர்கள் இருந்தார்கள், மானியத்துக்கு எழுதிப் போட ஒரு சம்பள ஆளும் இருந்தாள். தலைவி என்ற முறையில் பன்னிரண்டு வருஷமாக ஹெல்வி செய்துவந்தது ஒரே வேலைதான். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏலக்காய் ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யார் முரண்டு பிடிக்கிறாரோ அவர் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிடுவாள். வந்த காரியத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். மாட்டுக்கு மடிநோய் தேவலையா, மகள் காலேஜில் எப்படி இருக்கிறாள், மழை ஏன் இந்த வருஷம் இப்படி ஏமாற்றுகிறது என்று பேசிக்கொண்டே ரொட்டியை நறுக்குவாள். எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல், "சரி, வேலி விஷயமாத்தானே வந்த?" என்று தானே கேட்கும்வரை அவளுக்குப் பொறுமை இருந்தது.

அதற்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"பிடிக்கணும்னு யாரும் சொல்லல. பிடிக்காட்டியும் இதோட உங்களால இருந்துக்க முடியுமா? அவ்வளவுதான் கேள்வி."

குழுவின் விதியும் அதுதான். பெரும்பான்மை ஓட்டு என்று ஒன்று வைத்தால் தோற்றவன் பக்கத்து வீட்டில் காலம் முழுக்க முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று சொல்லி, முதல் வருஷமே அவள் கொண்டுவந்த விதி. எல்லாரும் கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். மேலே பார்த்தால் சம்மதம். பக்கவாட்டில் படுத்திருந்தால் பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்துக்குவேன் என்று பொருள். கீழே பார்த்தால் முடியாது. ஒரே ஒரு விரல் கீழே பார்த்தாலும் அந்தத் திட்டம் அங்கேயே நின்றுவிடும். பிறகு தலைவர் அந்த ஆளைப் பார்த்து, என்ன இருந்தால் உன்னால் இருந்துக்க முடியும் என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வியை ஹெல்வி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விரலும் கீழே பார்க்கவில்லை. மாநிலத் தலைநகரில் நடந்த மாநாட்டில் இதை அவள் பெருமையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

இப்போது திட்டத்தில் பாக்கி இருந்தது ஒரே ஒரு இடம். அது அவளுடைய மதகு.

ஓடை கடல் கழியில் விழும் இடத்தில் அவள் மாமனார் கட்டிய கரையும், கரையில் பதித்த குழாயும், குழாய் வாயில் தொங்கும் இரும்புக் கதவும் இருந்தன. கடல் ஏறும்போது கதவு தானே மூடிக்கொள்ளும், இறங்கும்போது ஓடைத் தண்ணீர் தள்ளித் திறக்கும். நாளுக்கு இரண்டு தடவை அது சாத்திக்கொள்ளும் சத்தம் அவள் சமையலறைவரை கேட்கும். அந்தக் கதவினால்தான் கீழ்ப் புல்வெளி புல்வெளியாக இருந்தது, இல்லாவிட்டால் உப்புச் சேறு. அந்தக் கதவினால்தான் நவம்பரில் முட்டையிட வரும் சால்மன் மீன்கள் இரும்பில் முட்டிக்கொண்டு நின்றன. ஏதோ சில, கதவு நன்றாகத் திறந்திருக்கும் நேரம் பார்த்து நுழைந்துவிடும். பாக்கியெல்லாம் கழியிலேயே கிடந்து கடல்நாய்க்கு இரையாகும்.

மேலே ஓடைக்கரை முழுக்க மற்றவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டிருந்தார்கள். வேலியைப் பின்னுக்குத் தள்ளி மாட்டைத் தண்ணீரிலிருந்து ஒதுக்கினார்கள், கரையில் வில்லோ மரம் நட்டார்கள், பாதைக்கு அடியில் ஓடையை அடைத்த பழைய குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் பாலம் போட்டார்கள். ஓடைக்குள் பெரிய பெரிய மரங்களை இழுத்துப் போட்டார்கள். இதில்தான் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். அவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் அதிகாரிகள் வந்து, ஓடையில் விழுந்து கிடக்கும் மரமெல்லாம் மீனுக்கு இடைஞ்சல், எடுங்கள் என்று சொல்ல, டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்து எரித்திருந்தார்கள். குஞ்சு மீன் ஒதுங்க இடமில்லாமல் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது பிறகுதான் தெரிந்தது. "எங்கப்பா எடுத்தாரு, நான் போட்டேன். என் பேரன் மறுபடி எடுப்பான். குடும்பத் தொழில்" என்பார் வெண்டல் ஸ்ட்ராப். ஹெல்வியின் ரொட்டியை அதிகமாகத் தின்றவர் அவர்தான். அவ்வளவு பிடிவாதம்.

இத்தனையும் செய்த பிறகு வாசலில் கதவு சாத்தியிருந்தால் யார் சும்மா இருப்பார்கள்? ஆனால் எல்லாரும் சும்மாதான் இருந்தார்கள். அதுதான் கொடுமை. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒண்ணும் அவசரமில்ல ஹெல்வி", "உனக்கு எது தோதோ அது", "உன்னால முடிஞ்சா மட்டும்." கடையில் பார்த்தாலும் இதே, தேவாலய வாசலில் பார்த்தாலும் இதே. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டிவிட்டுக் கதவை வைத்துக்கொண்டிருப்பாள். அன்பாக இருந்தே அவளை மூலையில் ஒதுக்கினார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான் என்பதால் யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை.

கீழ்ப் புல்வெளி போனால் பாதி மந்தையை விற்க வேண்டும். நிலத்துக்கு மானியப் பணத்திலிருந்து விலை கொடுக்கிறார்கள், அதில் குறையில்லை. பாதி மந்தையை வைத்து ஒரு ஆள்தான் பிழைக்கலாம், இரண்டு பேர் முடியாது. இரண்டாவது ஆள் அவள் மகன் எமில். அப்பா செத்த வருஷம் போர்ட்லாண்ட் நகரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். "கொஞ்ச நாள் இருக்கேம்மா" என்று வந்தான். கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் அவள், "எமிலுக்காகத்தான் யோசிக்கறேன், அவன் பிழைப்பாச்சே" என்று சொல்லிவந்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹெல்வி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. போய் உட்கார யார் வீடும் இல்லை. அப்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வெண்டல் இறங்கினார். கையில் பெட்ரோல் பங்கில் வாங்கிய டோனட் பெட்டி.

ஹெல்விக்கு அந்தப் பெட்டியே எல்லாம் சொல்லிவிட்டது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் வெண்டல். எழுபத்து நாலு வயதிலும் மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். "அந்தக் கறுப்புப் பசு எப்படி இருக்கு? கால் நொண்டிட்டிருந்துச்சே."

"தேவலை."

"மழையே காணோம்."

"ஆமா."

"எமில் எங்க?"

"பால் கறக்கறான்."

வெண்டல் டோனட் ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்றார். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். ஹெல்வியும் உட்கார்ந்திருந்தாள். இப்படி எத்தனை சமையலறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். முரண்டு பிடிக்கிறவர் உட்காரும் நாற்காலி இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழியில் கடல் ஏறியது. மதகு சாத்திக்கொண்டது.

"சரி" என்றாள் அவள். "மதகு விஷயமாத்தானே வந்தீங்க?"

"நீயா கேட்டா சரி" என்றார் வெண்டல், கொஞ்சம் வெட்கப்பட்டு. "இங்க பாரு ஹெல்வி. உனக்குப் பிடிக்கணும்னு யாரும் சொல்லல..."

"தெரியும். மிச்சத்த நான் சொல்லட்டுமா?"

"சொல்லாத. வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துட்டு வந்திருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிடிக்காட்டியும் இதோட உன்னால இருந்துக்க முடியுமா? அவ்வளவுதான் கேள்வி."

அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "வெண்டல், நாலு வருஷம் முன்னாடி உங்க வேலிக்காக நான் வந்து உட்காந்தேனே. நீங்க விரலப் படுக்கப் போட்டீங்க. உண்மையிலேயே இருந்துக்க முடிஞ்சுதா?"

வெண்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "ரொட்டி நல்லாருந்துச்சு" என்றார்.

"அதக் கேக்கல."

"அதத்தான் நானும் சொல்றேன். ரொட்டி நல்லாருந்துச்சு. சூடா வேற இருந்துச்சு. எதிர்ல நீ உட்காந்திருக்க. புருஷன் செத்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு உனக்கு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

அதற்குள் எமில் உள்ளே வந்துவிட்டான். ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு, வெண்டலைப் பார்த்துத் தலையசைத்து, ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

"நாளைக்கு நீயும் வர்றியா எமில்?" என்று கேட்டார் வெண்டல்.

"அம்மா வரச் சொன்னா வர்றேன்."

"மதகப் பத்தி நீ என்ன நினைக்கற?"

"அம்மா இஷ்டம்தான். எதுன்னாலும் எனக்குச் சரி" என்றான் எமில்.

ஹெல்வி மகனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பாதி டோனட்டை வாயில் வைத்துக்கொண்டு பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். எதுன்னாலும் எனக்குச் சரி என்பதை அவன் சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறான். நல்ல பிள்ளை என்று ஊரில் பெயர்.

மறுநாள் கூட்டம் வழக்கம்போல விவசாயிகள் சங்கக் கூடத்தில். ஏழு மணிக்கும் ஜூன் வெளிச்சம் ஜன்னலில் நின்றது. மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர், பின்னால் பெஞ்சில் எமில். சுவரில் ஓடையின் பெரிய வரைபடம். வேலை முடிந்த இடத்திலெல்லாம் கெல்சி பச்சைப் பொட்டு ஒட்டியிருந்தாள். ஓடை வாயில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. கெல்சிதான் குழுவின் சம்பள ஆள், இருபத்தெட்டு வயசு, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேறு நிறத்தில் பொட்டு தீர்ந்துபோயிருக்கும். ஆனாலும் உள்ளே வந்த எல்லாரும் முதலில் அதைப் பார்த்தார்கள், அப்புறம் ஹெல்வியைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

பழங்குடிப் பேரவையின் மீன் துறையிலிருந்து வரும் லொரெட்டா மட்டும் நேராக அவளிடம் வந்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"தூங்கினியா?"

"இல்ல."

"மூஞ்சியிலேயே தெரியுது."

"நீயாவது என்னைத் திட்டேன் லொரெட்டா. உங்க ஆளுங்க இந்த மீனுக்காக எத்தனை காலமாக் காத்திருக்காங்க. உனக்கு உரிமை இருக்கு."

"திட்டினா உனக்குச் சுளுவாப் போயிடும்" என்றாள் லொரெட்டா. "மாட்டேன்."

கெல்சி திட்டத்தைப் படித்தாள். ஆகஸ்டில், மீன் நடமாட்டம் குறைந்திருக்கும் மாதத்தில், தண்ணீரைத் தடுத்து, உள்ளே இருக்கும் குஞ்சுகளை வலைபோட்டு வாளியில் அள்ளி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, கரையை வெட்டிக் கதவையும் குழாயையும் எடுப்பது. கீழ்ப் புல்வெளியைக் கடலுக்கு விட்டுவிடுவது. "நில உரிமையாளர் சம்மதம் இருந்தா மட்டும்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள், அவள் பங்குக்கு அவளும்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று ஹெல்வி தலைவியாகக் கேட்டாள்.

ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மீனக் கேட்டுட்டு வந்தேன்" என்றாள் லொரெட்டா. "அதுங்களுக்குக் கட்டைவிரல் இல்லையாம்."

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"சரி. விரலக் காட்டுங்க."

கைகள் நீண்டன. லொரெட்டாவின் விரல் மேலே. கெல்சியின் விரல் மேலே. மேல்கரைப் பண்ணைக்காரர்கள் விரலெல்லாம் மேலே. வெண்டலின் விரல் படுத்திருந்தது. அவளுக்குத் துணையாக அப்படிப் போட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பாக்கி அவள் கை ஒன்றுதான். அது மேஜைமேல் மூடிக் கிடந்தது. அதை எப்படித் திருப்பினாலும் அவளுக்குப் போக இடமில்லை. கீழே காட்டினால் இத்தனை பேருக்கும் துரோகம். மேலே காட்டினால் எமில் போய்விடுவான். படுக்கப் போட்டுவிடலாம், அதற்கென்றுதானே அது இருக்கிறது. பிடிக்காட்டியும் இருந்துக்குவேன். அவளால் முடியாது. காலையில் தொழுவத்தில் தனியாக நின்று கறந்து, மத்தியானம் தனியாக உட்கார்ந்து தின்று, தண்ணீர் ஏறிய நிலத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டு அவளால் இருந்துக்க முடியாது. சத்தியமாக முடியாது.

அவள் கை திரும்பியது. விரல் கீழே பார்த்தது.

கெல்சியின் பேனா நின்றுவிட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

முதலில் பேசியது வெண்டல்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்படிக்கூடக் காட்டலாமா?" என்று கேட்டார்.

"விதியில இருக்கே வெண்டல்."

"இருக்கு, இருக்கு." அவர் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "யாரும் காட்டிப் பாத்ததில்ல, அதான்."

ஹெல்விக்கு முகம் எரிந்தது. இந்த மேஜையில் படுத்துக் கிடந்த விரல்களையெல்லாம் அவள் சம்மதம் என்று எண்ணியிருந்தாள். அதற்குக் கைதட்டும் வாங்கியிருந்தாள். இங்கே இருக்கும் பாதிப் பேர் அவள் இப்போது இருப்பதுபோலவே ஒரு சாயங்காலம் இருந்திருப்பார்கள். அவள் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து என்ன என்று எல்லாரும் காத்திருந்தார்கள். விதிப்படி இப்போது தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தலைவி அவள்தான். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். இப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியபோது அவளுக்குத் தோன்றவில்லை. கெல்சி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

பின்னாலிருந்து எமில் கேட்டான். "என்ன இருந்தா உங்களால இருந்துக்க முடியும், அம்மா?"

அவன் எழுந்து நின்றிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். எமிலுக்காகத்தான், அவன் பிழைப்புக்காகத்தான் என்று சொல்ல வாய் எடுத்தாள். ஊரெல்லாம் சொன்ன வார்த்தை, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"நீ போகமாட்டேன்னு தெரிஞ்சா" என்றாள்.

பதினோரு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிவிட்டாள். குரல் உடைந்துவிட்டது, அதையும் எல்லாரும் கேட்டார்கள். "புல்லும் வேணாம், நிலமும் வேணாம். அது போனா உனக்கு இங்க ஒண்ணுமில்ல. அதான் விட முடியல."

எமில் அம்மாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு மெல்லக் கையை நீட்டினான். அவன் குழுவில் உறுப்பினர்கூட இல்லை. கட்டைவிரல் பக்கவாட்டில் படுத்திருந்தது.

கெல்சி மூச்சு விட்டாள். "ஓ, அப்ப... அப்ப சரியாப் போச்சில்ல? எமில் இருக்கறதா இருந்தா நீங்க..."

"எழுதாத" என்றாள் ஹெல்வி.

அவள் மகனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் எல்லாரிடமும் வாங்கியதைத்தானே அவன் கொடுக்கிறான். வாங்கிக்கொண்டால் அவன் இருப்பான், அவளுக்குத் தெரியும். அவள் சாகும்வரை இருப்பான். விடியற்காலையில் எழுந்து பால் கறப்பான், எதுன்னாலும் எனக்குச் சரி என்பான்.

"எமில், அது எனக்கு வேணாம்" என்றாள். "உள்ளது எதுவோ அதக் காட்டு."

"எல்லாரும் இருக்காங்கம்மா."

"இருக்கட்டும். இங்க ஒருத்தராவது உள்ளதக் காட்டட்டும்."

எமில் மேஜையைச் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தான். பிறகு அவன் விரல் கீழே திரும்பியது. முகம் சுருங்கி, சின்னப் பிள்ளைபோல ஆகிவிட்டிருந்தான். "முடியலம்மா. முதல் வருஷத்துலேருந்தே முடியல."

விதி விதிதான். அவள் தலைவியாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "என்ன இருந்தா உன்னால இருந்துக்க முடியும்?"

எமில் தலையை ஆட்டினான். "எதுவும் இல்லம்மா."

லொரெட்டா ஹெல்வியின் தோளில் கை வைத்தாள். வெண்டல் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒருவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை, அவசரமில்லை என்று சொல்லவில்லை. அதற்காக ஹெல்வி மனதுக்குள் அவர்களுக்கு நன்றி சொன்னாள்.

"கெல்சி, இப்ப எழுதிக்க" என்றாள். "மதக எடுத்துடலாம்."

"ஹெல்வி, இன்னிக்கே முடிவு பண்ணணும்னு இல்ல" என்றார் வெண்டல்.

"பண்ணியாச்சு. இனிமே அந்த நிலத்த யாருக்காகப் பிடிச்சு வச்சுக்கறது?"

பிறகு மகன் பக்கம் திரும்பினாள். அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான், எங்கே உட்காருவது என்று தெரியாதவன்போல.

"ஆகஸ்ட்ல தண்ணிய உள்ள விடுவாங்க" என்றாள். "நீ அதுக்கு முன்னாடி போயிடு, இல்ல அதுக்கப்புறம் போ. ரெண்டையும் ஒரே மாசத்துல என்னால பாக்க முடியாது."